ராத்திரிக்கு ஆறு தடவை

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். காய்ச்சல், பிரசவம், வயிற்றில் கட்டி என்றால் யாரும் எழுதிவிடலாம். படிக்கிறவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். இது ராத்திரியில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்த கதை. முதல் வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். பிறகு, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த நாச்சம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. "வாய்க்குள்ள போறதப் பத்திப் பொழுதுக்கும் பேசறோமுங்க அம்மிணி. வெளிய வர்றதப் பத்திப் பேசறதுக்கு மட்டும் என்னுங்க அத்தன வெக்கம்?" அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

திருப்பூரில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மாவான என் அத்தை, இரண்டு வயதுக் குழந்தை சாந்தி. அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. எனக்குப் பனியன் கம்பெனியில். தைத்து வருகிற பனியனை மேஜைமேல் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நூல் பிசிறை வெட்டி, டஜன் டஜனாகக் கட்டி வைக்க வேண்டும். செக்கிங் என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதால் சீட்டு எழுதுவதும் என் தலையில். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப ராத்திரி எட்டாகிவிடும்.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. முதலில் இரண்டு தடவை. தீபாவளிக்குப் பிறகு நான்கு. தை பிறக்கும்போது ஆறு. எங்கள் வரிசைக்குக் கக்கூஸ் வெளியே கோடியில். துணைக்கு ஆள் இல்லாமல் போக எனக்குப் பயம். அவர் ஒவ்வொரு தடவையும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கூட வருவார். ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் பரவாயில்லை என்றுகூடத் தோன்றும். சும்மா வருகிறாரே என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பயம் வேறு ஒன்று. என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. எங்கள் ஊர் கணியூரில் வரப்பில் நடக்கும்போது காலில் முள் குத்தியது. அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை எடுத்தார்கள். நான் பத்தாவது முடிப்பதற்குள் அவர் இல்லை. அவருக்கும் தொடக்கம் இப்படித்தான். ராத்திரியில் எழுந்திருப்பது, அடங்காத தாகம், அசதி. எனக்கு மூன்றும் இருந்தன. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன் என்றால் கீழே வைக்க மாட்டேன். குடிக்கக் குடிக்க, இதோ தாகம், இதோ அந்த வியாதி என்று மனசு கணக்குப் போடும்.

வியாதி தெரிந்து ஏழாவது வருஷம் அப்பா போனார். சாந்திக்கு இப்போது இரண்டு. இரண்டும் ஏழும் ஒன்பது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? இதையே நினைத்துக்கொண்டு ஒரு நாள் நாற்பது டஜன் பனியனுக்குப் பதினான்கு என்று சீட்டு எழுதிவிட்டேன்.

சர்க்கரை இருந்தால் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற மறைப்புக்குள் போனேன். மூலையில் வரிசையாக எறும்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை முதல்நாள் வெல்லப் பாகு காய்ச்சிய சட்டியை அந்த மூலையில்தான் கழுவினார்கள் என்பது மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. அதற்குள் காப்பிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

அவர்தான் கண்டுபிடித்தார். தவறுதலாக என் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுத் துப்பினார்.

"ஏம்புள்ள, இதென்ன கசாயமா?"

சொல்லிவிட்டேன். அப்பா, கால், எறும்பு, ஒன்பது வயது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு மாசமா இத வெச்சுக்கிட்டா இருந்த? நானும் கேணயனாட்டம் டார்ச்சு புடிச்சுட்டே நின்னிருக்கறன். நாளைக்கு லேடி டாக்டர்கிட்டப் போலாம்."

லேடி டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைத் தவிர எல்லோரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், "எத்தன மாசமுங்க கண்ணு?" என்று கேட்டார். சிறுநீர் விஷயம் என்று எப்படிச் சொல்வது? "மூணுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே மசக்கைக்கு நார்த்தங்காய், தலைச்சுற்றலுக்குச் சுக்கு என்று ஆரம்பித்து, என் முறை வந்ததும் நர்ஸைக் கூப்பிட்டு, "மூணு மாசமுங்க, மெதுவாக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒப்படைத்தார். டாக்டர் என்னைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது தூரமானேன் என்று கேட்டார்.

"போன வாரமுங்க."

"அப்புறம் மூணு மாசம்னு யார் சொன்னா?"

"நாந்தானுங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கர்ப்பமாக இருந்தாலும் அடிக்கடி வரும், சிறுநீர்ப் பாதையில் கிருமி இருந்தாலும் வரும், சர்க்கரையாலும் வரும், ஒன்றுமே இல்லாமலும் வரும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் மூன்றாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். "நாளைக்குக் காலையில எழுந்ததும் முதல்ல வர்றதைப் பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு வாங்க. பாட்டில் சுத்தமா இருக்கணும்" என்றார்.

சுத்தமாக இருக்கணும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் இருந்த ஒரே மூடி போட்ட பாட்டில் சாந்திக்கு வாங்கிய டானிக் பாட்டில். அடியில் பழுப்பாகக் கறை. சாம்பல் போட்டேன், போகவில்லை. அரப்புத்தூள் போட்டேன், போகவில்லை. அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்து பொட்டலமாக வைத்திருந்த வெள்ளைப் பொடி ஞாபகம் வந்தது. ஹைட்ரோஸ் என்பார்கள். துணியில் ஏறின சாயத்தை இறக்குவதற்கு அதைப் போடுவார்கள். பட்டறை ஆட்கள் கைக்கறை போகவும் தேய்த்துக்கொள்வார்கள். தீக்குச்சி கிழித்தது போல ஒரு நெடி வரும். பாட்டிலில் ஒரு கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றிக் குலுக்கினேன். பாட்டில் கண்ணாடிக்கடை பாட்டில் போல ஆகிவிட்டது.

அதோடு நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது. ஆனால் நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். குடத்துத் தண்ணீர் எங்கெங்கோ இருந்து வருவது. இவ்வளவு சுத்தமாகக் கழுவியதை மறுபடி அந்தத் தண்ணீரில் அலசினால் அழுக்குத்தானே சேரும்? அப்படியே வடித்து, கவிழ்த்து வைத்துவிட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் லேப்பில் இருந்த பெரியவர் என் கண்ணெதிரே சோதித்துப் பார்த்தார். சோதனைக் குழாயில் நீல மருந்து கொஞ்சம், அதில் என் பாட்டிலிலிருந்து சில சொட்டு, பிறகு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவது. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போக அதிகம். செங்கல் நிறம் வந்தால் ரொம்ப அதிகம். இதை அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் குழாயில் செங்கல் வந்துவிட்டது. பச்சையிலும் மஞ்சளிலும் நிற்கவே இல்லை.

"என்னம்மா, இம்புட்டு வேகமா!" என்றார் அவர்.

டாக்டருக்கும் ஆச்சரியம்தான். "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே. மூணு நாள் வார்டுல தங்குங்க, முழுசாப் பார்த்துடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் வந்த நடையிலேயே தெரிந்துகொண்டு, "வெசனப்படாத. பாப்பாவ அம்மா பாத்துக்குவாங்க. நான் உனக்குச் சீலை எடுத்துட்டு வரேன்" என்று போனார். தெருமுனைக்குப் போனதும் அவர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வேர்வையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

வார்டில் எட்டுக் கட்டில். எனக்கு அடுத்ததுதான் நாச்சம்மாளுடையது. பல்லடத்துக்காரர், வீட்டில் நாலு விசைத்தறி. கர்ப்பப்பையை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று டாக்டர் சிரிக்கக் கூடாது என்றிருந்தார். அவரோ தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரிப்பார்.

"உங்களுக்கு என்னுங்க அம்மிணி?"

"சர்க்கரைங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"அட, அழுவாதீங்க. எங்கூட்டுக்காரருக்கு வாயத் தொறந்தா உப்பும் புளியுந்தான் வருது. சக்கரை வர்ற ஆளு நீங்கதான்."

அழுகையோடு சிரித்துவிட்டேன். அவர் தலையணையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். கோடு போட்ட எனாமல் குவளை ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதில் அளந்து, மணியோடு எழுத வேண்டும். தண்ணீர் குடித்தாலும் எழுத வேண்டும். பகலில் எவ்வளவு, ராத்திரியில் எவ்வளவு என்று பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியுமாம். நான் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினேன். ஹெட் நர்ஸ் அதைப் பக்கத்து வார்டு நர்ஸுக்குக் காட்டி, "பாரு, நீ எழுதற சார்ட்டும் இருக்கே" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அன்று பகல் மறுபடியும் சிறுநீர் எடுத்தார்கள், ஆஸ்பத்திரிப் பாட்டிலில். நீல மருந்து நீலமாகவே இருந்தது. லேப் பெரியவர் மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலந்து பார்த்தார். நீலம். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கிருமி, சீழ் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. மறுநாள் வெறும் வயிற்றில் குளுகோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, மணிக்கு ஒரு தடவை கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். உடம்பு சர்க்கரையைச் சரியாகச் செலவழிக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. அந்தத் தண்ணீர் அத்தனை இனிப்பு. வாரக்கணக்காகக் காப்பியில்கூடச் சர்க்கரை தொடாதவள், விஷம் குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். டம்ளரின் அடியில் இருந்ததையும் விடவில்லை.

ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. நல்ல சேதி வந்தால் நம்ப வேண்டியதுதானே? எனக்கு அது வராது. வியாதி ஒளிந்துகொண்டிருக்கிறது, நான் வீட்டுக்குப் போனதும் வெளியே வரும் என்று தோன்றியது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "சிவப்பு வர்ற வரைக்கும் பாத்துருங்க டாக்டர்" என்றேன்.

"வராட்டி விட மாட்டீங்க போல இருக்கே" என்றார் அவர்.

சாயங்காலம் வீட்டுக்காரர் தூக்குப்போசியோடு வருவார். அன்றைக்குப் பட்டறையில் என்ன சாயம் ஓடியது என்பது அவர் கையைப் பார்த்தால் தெரியும். முதல் நாள் கருநீலம், மறுநாள் பச்சை. குழந்தைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று சாந்தியைத் தூக்கிக் காட்டினார். அவள் கம்பிக்குள் கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தாள். போசியில் அத்தை ராகிக் களி கிண்டி அனுப்பியிருந்தார்கள். அத்தோடு ஒரு சேதி. "அம்மா சொன்னாங்க, இனி நம்மூட்ல ஆருக்கும் காப்பிக்குச் சக்கரை கெடையாதாம். மருமக திங்காதத நாம எதுக்குத் திங்கறதுன்னு டப்பாவத் தூக்கிப் பக்கத்தூட்டுக்குக் குடுத்துட்டாங்க."

நான் தெரிந்தவரை என் அத்தை காப்பியில் மூன்று கரண்டி போடுகிறவர். என்னிடம் இதுவரை ஒரு நல்ல வார்த்தை கூடச் செலவழித்தவரல்ல. களியை வாயில் வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் லேப் பெரியவர் வார்டுக்கே வந்துவிட்டார். கையில் என் டானிக் பாட்டில். மூன்று நாளாக அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "இத எதுலம்மா கழுவினீங்க?" என்று கேட்டார். "சுத்தமாத்தானுங்க கழுவினேன்" என்று நான் சண்டைக்குப் போனேன். அந்த நேரம் போசியோடு வந்த என் வீட்டுக்காரர், பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இது எங்க பட்டற வாசமுங்களே!"

அப்புறம் எல்லோரும் லேப்புக்குப் போனோம். டாக்டர், ஹெட் நர்ஸ், வீட்டுக்காரர், நான். நாச்சம்மாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வீட்டுக்காரர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். லேப் பெரியவர் ஒரு சிட்டிகைப் பொடியை வெறும் தண்ணீரில் கரைத்து, அதில் சில சொட்டு நீல மருந்தில் விட்டு, விளக்கில் காட்டினார். செங்கல்! பொடி சாயத்தின் நிறத்தை இறக்குவது போல, இந்த மருந்தின் நிறத்தையும் மாற்றிவிடுகிறதாம். மருந்துக்குச் சர்க்கரையா பொடியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"சர்க்கரை வியாதி உங்க வீட்டுக்காரர் பொடிக்குத்தாம்மா. உங்களுக்கு இல்லை" என்றார் டாக்டர்.

நாச்சம்மாள் சிரித்த சிரிப்பில் ஹெட் நர்ஸ் ஓடிப்போய் அவர் தையலைப் பார்க்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தப் பொடியில கழுவினயே, கை எரியலயா புள்ள?" என்று மட்டும் கேட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த அழுகைக்குள் ஒன்பது வயதுச் சாந்திக்கு நானே இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் புத்தி இருக்கிறதே. கண்ணைத் துடைத்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அப்படியானால் ஆறு தடவை எதனால்?

டாக்டர் என் கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். முதல் ராத்திரி ஐந்து. இரண்டாம் ராத்திரி இரண்டு. முந்தின ராத்திரி ஒன்றே ஒன்று. எனக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. "வீட்டுல ஆறு, இங்கே ஒண்ணு. என்ன மாறிச்சு?" என்று கேட்டார். நாச்சம்மாள்தான் சொன்னார். "பொழுதுக்கும் நாந்தானுங்க தண்ணி ஊத்திக் குடுக்கறன். எனக்கு நெறையக் குடிக்கோணும்னு சொன்னீங்கள்ள, தனியாக் குடிக்கப் புடிக்காம இந்த அம்மிணிக்கும் ஒரு டம்ளர் ஊத்தீருவன்."

"கம்பெனியில எத்தனை டம்ளர் குடிப்பீங்க?" என்றார் டாக்டர்.

"குடிக்க மாட்டேனுங்க."

"காலை எட்டு மணியிலேர்ந்து ராத்திரி எட்டு மணி வரைக்குமா? ஏன்?"

இதைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது. எங்கள் கம்பெனியில் பெண்களுக்கென்று பின்பக்கம் ஒரு கக்கூஸ் உண்டு. அது பூட்டியிருக்கும். சாவி ஆபீஸ் ரூமில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அங்கே எப்போதும் மேனேஜர் இருப்பார், சரக்கு எடுக்க வந்த வியாபாரிகள் இருப்பார்கள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் போய் அந்தச் சாவியை எந்தப் பெண் கேட்பாள்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மூத்தவர்கள் காதில் சொல்லிவிடுவார்கள், காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வராதே என்று. செக்கிங்கில் நாங்கள் பதினொரு பேரும் வாயை நனைப்பதோடு சரி. வீட்டுக்குப் போய்த்தான் குடிப்போம். பகல் முழுதும் குடிக்க வேண்டியதை, எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "ராத்திரி ரெண்டு சொம்பு குடிச்சா ராத்திரிதானே வரும்? உங்க உடம்புல கோளாறு இல்லேம்மா. இப்படியே அடக்கிக்கிட்டு இருந்தாத்தான் கல்லு, கிருமின்னு நிஜமாவே ஏதாவது வரும்" என்றார். மருந்துச் சீட்டில் மருந்தே எழுதவில்லை. பகலில் மணிக்கு அரை டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொள்ள வேண்டும். கீழே கோடு போட்டு எழுதினார்: 'சாவியைக் கேட்க வேண்டும்.'

வீட்டுக்கு வந்ததும் அத்தை சேதியைக் கேட்டுவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். சர்க்கரை டப்பாவோடு திரும்பி வந்து, "பாதி காலி பண்ணீட்டா அந்த மவராசி" என்றார்கள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். வழியெல்லாம் மனசு இரண்டாகப் பேசியது. ராத்திரி குறைத்துக் குடித்தால் போதாதா, சாவி எதற்கு? இல்லை, டாக்டர் எழுதியிருக்கிறார். மூன்று நாள் வார்டில் வைத்துப் பார்த்துப் பொடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்களே, இதைச் செய்ய மாட்டேனா? பத்து மணிக்கு இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். குடித்துவிட்டால் வேறு வழி இருக்காது என்றுதான் அப்படிச் செய்தேன். பதினொன்றரைக்கு ஆபீஸ் ரூம் வாசலில் நின்றேன். உள்ளே இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள்.

"ஒரு சாவி வேணுமுங்க."

"எந்தச் சாவிங்க அம்மிணி?" என்றார் மேனேஜர்.

"பின்னால... பொம்பளைங்க கக்கூஸ் சாவிங்க."

வியாபாரிகள் இருவரும் ஒரே சமயத்தில் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்கள். மேனேஜர் முகம் என்னைவிடச் சிவந்துவிட்டது. தலைக்குப் பின்னால் தொங்குகிற சாவியை விட்டுவிட்டு மேஜை டிராயர் எல்லாவற்றையும் திறந்து தேடினார்.

"ஏனுங்க, ஆரும் கேட்டதே இல்லீங்களே? வேண்டீதில்லையாட்டன்னு நெனச்சுட்டோம்."

"கேக்க வெக்கமுங்க."

"எனக்குக் குடுக்க மட்டும் வெக்கமா இருக்காதுங்களா?" என்றவர், சாவியை எடுத்து என்னைப் பார்க்காமலே நீட்டினார். "நீங்களே வெச்சுக்குங்க சாமி. திருப்பித் தராதீங்க."

பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. மிஷின் மெக்கானிக் எண்ணெய் விட்டுத் திறந்தார். கதவைத் திறந்தால் உள்ளே தரையிலிருந்து கூரை வரை கட்டிங் வேஸ்ட் மூட்டை. யாரும் வராத இடம் என்று வெட்டி மிஞ்சிய துணியை எல்லாம் வருஷக்கணக்காக அங்கே அடைத்திருக்கிறார்கள். நான் அவசரத்தில் நெளிந்துகொண்டு நிற்க, செக்கிங் பெண்கள் பத்துப் பேரும் எழுந்து வந்து, ஆளுக்கொரு மூட்டையாக இழுத்துப் போட்டார்கள். "சரசக்கா, இன்னும் நாலு மூட்டைதான், புடிச்சுக்குங்க!" என்று ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்த, எல்லோரும் சிரித்த சிரிப்பில் என் பாடு இன்னும் திண்டாட்டமாகிவிட்டது. எப்படியோ மானம் தப்பியது.

வீட்டிலும் அந்த வாரமே ஆறு இரண்டாகி, ஒன்றாயிற்று. ஒரு நாள் விடியற்காலை மில் சங்கு ஊதியபோதுதான் கண் விழித்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறேன். அவர் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னுங்க, தூங்கலயா?"

"நீ ஒருக்காக்கூட எந்திரிக்கலயே. உடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டு உக்காந்திருக்கறன். டாக்டர்கிட்டப் போலாமா?"

இதைக் கம்பெனியில் ருக்மணியிடம் சொன்னேன். எனக்கு எதிரே உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள். சிரிப்பாள் என்று பார்த்தால் அவள் முகம் மாறியது. என் காதருகே வந்து, "எனக்கும் நாலு தடவைங்க அக்கா. ரெண்டு வருசமா. ஆருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள். அவளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துச் சாவியையும் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஓவர்லாக் மிஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. புருவத்தை உயர்த்தி, எத்தனை என்று கேட்டேன். ருக்மணி மூன்று விரலைக் காட்டினாள். அடுத்த நாளும் மூன்று. பிறகு இரண்டு. இரண்டிலேயே நாலு நாள் நின்று என்னைக் கலங்கடித்தாள். வெள்ளிக்கிழமை அவள் மேஜைக்கு வந்து உட்காரக்கூட இல்லை. நின்றபடியே விரல்களை மடக்கி, மூடின கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். ஒன்றுகூட இல்லை! நானும் என் கையை மூடித் தூக்கினேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் இன்னொரு கை ஒரு விரலோடு எழுந்தது. அதற்கு அடுத்து இரண்டு விரல். பிறகு ஒரு மூடின கை, இன்னொரு மூடின கை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மற்ற ஒன்பது பேரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கைகள். சத்தத்தில் யார் சிரிப்பதும் கேட்கவில்லை; தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பெண்கள் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஸ்டிரைக் என்று நினைத்துக்கொண்டார் போலும். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார்.